பலகையில் தொங்கிய பேட்ஜ்

நாகையாவைப் பிடிவாதக்காரன் என்று சொல்கிறவர்கள் அவனோடு வேலை செய்யாதவர்கள். நான் ஒன்பது வருடம் செய்தேன். கிள்ளான் பக்கம் தெலுக் பங்லிமா காராங்கில் எங்கள் கம்பெனி. குழாய்களில் போட்ட வெல்டிங்கைக் கதிர்வீச்சால் படமெடுத்து, உள்ளே விரிசல் உண்டா என்று பார்ப்போம். தேதியும் எடுத்தவன் எண்ணும் படத்தில் விழும்படி எண் வடிவ ஈயத் துண்டுகளைக் குழாயில் ஒட்டுவோம். நாகையாவின் எண் ஏழு.

உடம்பில் எவ்வளவு கதிர் ஏறியது என்று காட்ட ஆளுக்கொரு பேட்ஜ். அளவு மீறினால் வேலையிலிருந்து நிறுத்தி வைப்பார்கள், ஓவர்டைம் போய்விடும். அதனால் அதை ஆபீஸ் பலகையில் மாட்டிவிட்டுத்தான் போவோம். மேலாளர் சோமசுந்தரம் கண்டும் காணாமல் இருப்பார். அத்தனை பேரும் மடையர்கள், நான் உட்பட.

1989இல் நாகையாவுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. வேலைதான் காரணம் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை, இருக்கலாம் என்றார். இழப்பீடு கேட்டு எழுதினான். ஒன்பது வருடமும் அவன் பேட்ஜில் பூஜ்யம்தான், அவன் லோரியில் குழாய் ஏற்றியவன், கதிர் பக்கமே போனதில்லை என்று கம்பெனி பதில் எழுதியது.

"விட்டுடுங்க லா, உடம்பப் பாருங்க," என்றாள் அவன் மனைவி சந்திரகலா.

"நான் செஞ்ச வேலைய செய்யலன்னு சொல்றான். அத விட்டுட்டுச் சாக மாட்டேன்."

படங்களைப் பத்திரப்படுத்துவது குழாய்க்குச் சொந்தக்காரத் தொழிற்சாலை. ஊசி போட்ட கையோடு கிள்ளானிலிருந்து பஸ் ஏறி, நான்கு முறை அதன் வாசலில் போய் நின்றான். ஐந்தாம் முறை ஒரு பெட்டியைக் கொடுத்தார்கள்.

தொழிலாளர் அலுவலக விசாரணையில் ஒரு படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். தேதிக்குப் பக்கத்தில் வெளிறிய ஏழு.

"இந்த ஒரு மாசத்துல மட்டும் அறுநூறு படம் சார். அந்த மாசமும் பேட்ஜ்ல பூஜ்யம்தான்."

"அப்ப பேட்ஜ் எங்க இருந்துச்சு?" என்றார் அதிகாரி ராதாகிருஷ்ணன்.

"ஆபீஸ் பலகையில. நானேதான் கழட்டி மாட்டினேன். என் தப்பையும் சேர்த்து எழுதிக்குங்க."

அதிகாரி, சாட்சியாக வந்திருந்த என்னிடம் திரும்பினார். "தம்புசாமி, நீங்க என்ன சொல்றீங்க?"

சோமசுந்தரம் என்னையே முறைத்தார். என் வேலை அவர் கையில்.

"என்னோடதும் அங்கதான் தொங்குது சார். இப்பவும்."

நாகையா கதிர்வீச்சு வேலை செய்தவன்தான் என்று தீர்ப்பு வர எட்டு மாதம் ஆனது. அதைத் தன் கையில் வாங்கிப் படித்துவிட்டுத்தான் கண்ணை மூடினான்.

நாங்கள் அதுவரை காத்திருக்கவில்லை. விசாரணைக்கு மறுநாள் காலை எல்லோரும் வேலைக்குக் கிளம்பிய பிறகு, பலகையில் ஒரே ஒரு பேட்ஜ்தான் மிச்சம் இருந்தது. ஏழாம் எண்.