பிரியாணி ஏத்துன பிக்கப்புல காத்து புடுங்குன கதை

கொழுந்தியா கல்யாணத்துக்கு பிரியாணி எடுத்தாற வாடகை வண்டி பேசிட்டாங்கன்னு தெரிஞ்சதும் எனக்கு ரோஷம் வந்துடுச்சு. வூட்டு மூத்த மருமவன் சொந்தமா டீசல் பிக்கப் வெச்சினு குந்தினு இருக்கும்போது வாடகை வண்டி இன்னாத்துக்குன்னு ஒரு ஆட்டம் ஆடுனேன். மாமனாரு தொல்ல தாங்காம அந்த வண்டிய வாணாம்னுட்டாரு. ஆனா என்னை நம்பல. தொணைக்கு அவரு தம்பிய அனுப்புனாரு. இந்த சின்ன மாமனாரு தங்க மைன்ஸ்ல வேல செஞ்சவரு. வாங்க போங்கன்னு மரியாதையா பேசியே ஆள சாவடிப்பாரு.

சமையல் மைன்ஸ் பக்கம் கோரமண்டல்ல. கல்யாணம் பங்காருபேட்டை சர்ச்சுல. ஆராதன முடிஞ்சி ஜனங்க ஹாலுக்கு வர்றதுக்குள்ள மூணு அண்டாவும் அங்க எறங்கணும். பையன் வூட்டுக்காரங்க பொண்ணுல கொற சொல்ல முடியாம, சோத்துல சொல்லலாம்னு காத்துனு இருந்தாங்க.

முந்தின நாளே டீசல் ஃபுல்லா ரொப்பிட்டேன். ரொப்புன பெருமையில டேங்க் மூடிய வண்டி மேல வெச்சிட்டு அப்டியே கெளம்பிட்டேன். எங்க வுயுந்துச்சோ தெரியல. மழத்தண்ணி பூந்துடுமேன்னு டேங்க் வாயில பிளாஸ்டிக் கவர ரெண்டு மடிப்பா போட்டு, சைக்கிள் டியூப அறுத்து இறுக்கிக் கட்டுனேன். எறும்பு கூட பூராது. அத செல்லுல போட்டோ வேற புடிச்சி வெச்சிக்கினேன்னா பாத்துக்கோங்க.

ஊரு தாண்டுற வரைக்கும் வண்டி நல்லாத்தான் போச்சி. அப்பறம் ஒரு மேட்டுல இழுவையே இல்ல. மிதிச்சா இருமுது. ரெண்டு குலுக்கு குலுக்கிட்டு நின்னுடுச்சு.

"இன்னா மாப்ள, வண்டி ரெஸ்ட் எடுக்குதுங்களா?"

"டீசல் லைன்ல ஏர் புடிச்சிருக்கு மாமா. அஞ்சு நிமிஷம்."

டீசல் வண்டி நின்னா ஏர் புடிச்சிருக்குன்னு சொல்றது, வயிறு வலிச்சா கேஸ்னு சொல்ற மாதிரி. யாரும் எதுத்து பேச மாட்டாங்க. காத்த வெளிய புடுங்கறதுக்கு ஃபில்டர் மேல இருக்கிற ஸ்க்ரூவ லூஸ் பண்ணி, கை பம்ப அமுக்கி அமுக்கி நுரையும் டீசலுமா கக்க வெச்சேன். கல்யாணத்துக்கு தெச்ச சட்ட முயுசா டீசல். மாமா பக்கத்துல கண்ண மூடி ஜெபம் பண்ணாரு. வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சு. நான் என் கைய பாத்துக்கினேன், அவரு வானத்த பாத்தாரு.

கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் அதே இருமல், அதே குலுக்கல். நானும் பம்பு அடிச்சேன், அவரும் ஜெபத்த நீட்டுனாரு. அப்பதான் சர்ச்சுல இருந்து பொண்டாட்டி போன் பண்ணா.

"எங்க இருக்கீங்க?"

"வந்துனே இருக்கோம்."

"இன்ஜின் சத்தமே காணோம்?"

"வண்டி சைலண்ட்டா போவுது."

"பாஸ்டர் பிரசங்கத்த முடிக்கப் போறாரு. சோறு வரலன்னா இவங்க முன்னாடி எங்கப்பா மானம் போயிடும். அப்பறம் என் மூஞ்சிலயே முயிக்காதீங்க."

வண்டி கெளம்புச்சு, மூணாவது வாட்டியும் நின்னுச்சு. சீட்டுக்குப் பின்னாடி கெடந்த புது ஃபில்டர மாட்டுனேன். அப்பவும் கொஞ்ச தூரந்தான். அடுத்து பம்பு போச்சின்னேன், இன்ஜெக்டர் அடச்சிக்கிச்சுன்னேன், டீசல்ல கலப்படம்னேன். என்னைத் தவிர எல்லார் மேலயும் குத்தம் சொல்லி முடிச்சிட்டேன். பின்னாடி பிரியாணி வாசம் ரோட்டு நாயிங்கள எல்லாம் கூட்டம் கூட்டினு இருந்துச்சு.

பைக்குல போன ஒருத்தரு நிறுத்தி, "ஏன் குரு, டீசல் காலியா?"ன்னு கன்னடத்துல கேட்டுட்டுப் போயிட்டாரு. அந்த ஒரு வார்த்த மாமாவ புடிச்சிக்கிச்சு.

"மாப்ள, மெய்யா சொல்லுங்க. டீசல் போட்டீங்களா, இல்ல போட்டேன்னு சொன்னீங்களா?"

"ஃபுல் டேங்க் மாமா!"

"நான் கண்ணால பாக்கணும்."

டேங்க் கிட்ட போயி குனிஞ்சாரு. என் பிளாஸ்டிக் கவரு பல்லு போன கெயவன் கன்னம் மாதிரி உள்ளாற ஒட்டிக் கெடந்துச்சு. அவரு டியூப இஸ்து அவுத்ததும் புஸ்ஸ்னு காத்து டேங்குக்குள்ள பாஞ்ச சத்தம் எனக்கே கேட்டுச்சு.

அந்த டியூப என் கையில குடுத்தாரு. "மைன்ஸ்ல கூட காத்துக்கு வழி வுட்டுட்டுதாங்க ஆள எறக்குவாங்க."

டீசல் கொறய கொறய அந்த எடத்துக்கு வெளிய இருந்து காத்து வரணும். நான் கட்டுன கட்டுல அது வரல. பம்பு இஸ்து இஸ்து பாத்துட்டு மூச்சு முட்டி செத்துடுது. சும்மா நின்னா எங்கயோ லேசா காத்து கசிஞ்சி மறுபடியும் உசுரு வருது. அத நான் என் கைராசின்னேன், அவரு கர்த்தர் கிருபன்னாரு. காத்துக்கு ஏங்குன வண்டியில நான் அவ்ளோ நேரமா காத்த புடுங்கினு இருந்திருக்கேன்.

மாமா கோட்டுல பூ குத்தியிருந்த ஊக்க எடுத்து கவருல நாலு ஓட்ட போட்டாரு. அதுக்கப்பறம் வண்டி எங்கயும் நிக்கல. அவரு சர்ச்சு பாட்ட முணுமுணுத்துனே வந்தாரு. அதுதான் பயமா இருந்துச்சு.

நாங்க போனப்ப ஜனங்க எல போட்டு குந்தினு இருந்தாங்க. மாமனாரு மூஞ்சி சுண்டிப்போச்சி. பையனோட தாய்மாமன் வாசல்லயே நின்னுனு, "இன்னாங்க, அரிசிய இப்பதான் நட்டு அறுத்தாந்தீங்களா?"ன்னாரு.

நான் வாயத் தொறக்கறதுக்குள்ள சின்ன மாமனாரு முன்னாடி வந்துட்டாரு. "மன்னிச்சிக்கோங்க. வண்டி நடு ரோட்டுல படுத்துடுச்சு. பெரிய மெக்கானிக்கே கைய விரிக்கிற கோளாறு. எங்க மூத்த மாப்ள ஒத்த ஆளா பிரிச்சி மாட்டி, ஒரு பருக்க சிந்தாம சூடா கொண்டாந்துட்டாரு. அவரு சட்டய பாருங்க, தெரியும்."

ஹாலே என் சட்டய பாத்துச்சு. மாமனாரு தல நிமுந்துச்சு. தாய்மாமன் கொரலு பாதியா எறங்கிடுச்சு.

"அப்டிங்களா? நம்ம வேன் ஒண்ணு ரொம்ப நாளா கரும்பொகயா தள்ளுதுங்க. எவனுக்கும் தெரியல. சாப்ட்டுட்டு ஒரு பார்வ பாக்கறீங்களா?"

"சாப்ட்டுட்டு இன்னாத்துக்குங்க?"ன்னாரு சின்ன மாமனாரு, பல்லு தெரியாம சிரிச்சினு. "வேலன்னு வந்துட்டா அவருக்கு சோறே வாணாம். போங்க மாப்ள, பாருங்க."

உள்ள மூணு பந்தியும் நடந்துச்சு. நான் வெளிய அந்த வேனோட பானெட்ட தொறந்து வெச்சிக்கினு, ஒண்ணும் புரியாம, ரொம்ப யோசிக்கிற மாதிரி நின்னுனு இருந்தேன். தாய்மாமன் எனக்கு டார்ச் புடிச்சிக்கினு, ரெண்டு வார்த்தைக்கு ஒருவாட்டி என்னை சார்ன்னாரு.