சீட்டின் அடியில் என் தம்பி பேர்

என் தம்பி ரிஜினைப் பற்றிப் பேச்செடுத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். பாசமெல்லாம் அதற்குப் பிறகு மெதுவாக வரும். கம்ப்யூட்டர் படித்தவனெல்லாம் பெங்களூரில் இருந்துகொண்டு கட்டப்பனையில் மாடி வீடு கட்டுகிறான். இவன் முப்பத்தாறு வயதில் பீர்மேட்டுக்கு மேலே தேயிலை எஸ்டேட் லயத்தில், பத்து வீடு ஒட்டிய வரிசையில் எட்டாவது வீட்டில், அம்மாவோடும் என்னோடும் கிடக்கிறான். அம்மாவும் நானும் கொழுந்து எடுக்கிறோம். அவன் புரோகிராம் எழுதுகிறான். எழுதி, சும்மா கொடுத்துவிடுகிறான்.

சம்பளத்துக்குப் போகாதவனும் இல்லை. கொச்சியில் ஒரு கம்பெனியில் இரண்டு வருஷம் இருந்தான். பதினெட்டாயிரம் கொடுத்தார்கள். அறை வாடகையும் மெஸ்ஸும் போனால் அம்மாவுக்கு அனுப்ப ஆயிரம் தேறாது. அப்பா ஏசுதாஸ் இறந்த வருஷம் திரும்பி வந்தான். இப்போது ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ள மாதம் பன்னிரண்டாயிரம். அது காலை ஜோலி. மத்தியானத்துக்கு மேல் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துப் பாறையில், சிக்னல் கிடைக்கிற ஒரே இடத்தில், குடையை விரித்துக்கொண்டு உட்காருவான். அங்கே செய்வதுதான் அவன் சொந்த வேலை. அதன் பேர் ‘நிறை’.

நிறை என்றால் வேறொன்றுமில்லை. தராசு காட்டுகிற எடையை வாங்கி அப்படியே சீட்டில் அச்சடித்துக் கொடுக்கிற புரோகிராம். எங்கள் எடைக் கொட்டகையில் தராசின் முகம் எப்போதும் சூப்பர்வைசர் பக்கம்தான் திரும்பியிருக்கும். அவர் சொன்னதுதான் கிலோ. அம்மா முப்பது வருஷம் அந்த வாயைப் பார்த்தே நின்றாள். தராசு சொன்னதை மனுஷன் மாற்றிச் சொல்ல முடியாதபடி ஒன்று செய்ய வேண்டும் என்று ரிஜின் நினைத்தான். நல்ல நினைப்புதான், யார் இல்லையென்றது? செய்து முடித்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதி நெட்டில் போட்டுவிட்டான். ஒரே ஒரு நிபந்தனை, எழுதியவன் பேர் சீட்டின் அடியில் இருக்க வேண்டும்.

“இதுக்குப் பேரு ஓபன் சோர்ஸ்க்கா,” என்று பக்கத்து வீட்டு ராமுத்தாயிடம் விளக்கினான்.

“ஓசி சோர்ஸுன்னு சொல்லுலே,” என்றாள் அவள். அன்றையிலிருந்து லயத்தில் அவனுக்கு ஓசி ரிஜின் என்றே பேராகிவிட்டது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “பேரை உலையில போட்டா சோறு வேகுமாலே?” என்று கேட்டேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வரும்.

பால் சொசைட்டிக்காரன், பழைய இரும்புக் கடைக்காரன், எங்கேயோ வெளிநாட்டில் மீன் விற்கிறவன் என்று எவனெவனோ நிறையை எடுத்துப் போட்டுக்கொண்டான். ஒருத்தனும் பத்து பைசா அனுப்பவில்லை. குறை மட்டும் தினமும் வந்தது. ஒரு தடவை ஆடி மாதத்து மழையில் இவன் காய்ச்சலோடு படுத்திருக்கிறான், பெங்களூரிலிருந்து ஒருத்தன், மாதம் இரண்டு லட்சம் வாங்குகிறவனாம், ‘உன்னால் என் வேலை நிற்கிறது, இன்றைக்கே சரிசெய்’ என்று எழுதியிருந்தான். இவன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாறைக்குப் போனான். சரிசெய்து அனுப்பியதற்கு அந்த மகராசன் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினான். அதை என்னிடம் காட்டி, “பாரு, சந்தோஷப்பட்டுட்டாரு,” என்றான். அந்தக் கட்டைவிரலை நறுக்கணும் போலிருந்தது எனக்கு.

போன ஜூன் மாதம் எங்கள் எடைக் கொட்டகைக்குப் புதுத் தராசு வந்தது. கொச்சியில் ஒரு சின்னக் கம்பெனி நிறையை எடுத்து, தேயிலைத் தோட்டத்துக்கென்று மாற்றி, எங்கள் எஸ்டேட்டுக்கு நல்ல விலைக்கு விற்றிருந்தது. ரிஜினுக்கு அதுவரை தெரியாது. முதல் நாள் அம்மாவுக்குச் சீட்டு வந்தது. பேர், நாள், கிலோ, அடியில் பொடி எழுத்தில் ‘நிறை, எழுதியவர் ரிஜின் ஏசுதாஸ், பீர்மேடு’.

அம்மா செபமாலையம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அப்பாவின் பேர் எழுத்து மட்டும் தெரியும், கல்லறைச் சிலுவையில் பார்த்துப் பார்த்துப் பழகியது. சீட்டில் அதைத் தடவிப் பார்த்தாள். “எங்க வீட்டுக்காரரு பேரு அச்சுல வந்துட்டு,” என்று கொட்டகை முழுக்கக் காட்டினாள். அந்தச் சீட்டை பைபிளுக்குள் வைத்தாள். நானும் அன்றைக்கு அவனுக்கு மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவது வாரம் ராமுத்தாய்தான் கண்டுபிடித்தாள். இருபது வருஷம் கொழுந்துச் சாக்கைத் தலையில் சுமந்தவள் அவள்.

“முப்பது கிலோவைத் தூக்கிட்டு வாரேன், இருபத்தெட்டுன்னு அடிக்கான். என் கழுத்துக்குத் தெரியாதா கனம்?”

ரிஜின் சீட்டுகளை வாங்கிப் பார்த்தான். கம்பெனிக்காரன் விற்கிற புரோகிராமையும் எப்படியோ கிண்டிப் பார்த்தான். விஷயம் சின்னதுதான். கொழுந்தின் ஈரத்துக்கென்று சாக்குக்கு இரண்டு கிலோ கழிக்கும்படி உள்ளே சொருகியிருந்தார்கள். வெயிலடித்தாலும் கழிவு, மழையடித்தாலும் கழிவு. கழித்தது சீட்டில் தெரியாது. நாளுக்கு இத்தனை கிலோ என்று கணக்கிருக்கிறது, அதற்கு மேல் எடுத்தால்தான் எங்களுக்கு அதிகக் கிலோ காசு. பாதிப் பேருக்கு அது அப்படியே போய்விட்டது.

பாறையில் இருந்து கம்பெனிக்குப் போன் போட்டான். நானும் பக்கத்தில் நின்றேன். எடுத்தவன் டிஜோ என்ற மேனேஜர். குமுளிக்காரன், தமிழ் நன்றாகவே பேசினான்.

“எஸ்டேட் கேட்டாங்க, செஞ்சு கொடுத்தோம். யாரும் மாத்திக்கலாம்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?”

எழுதியது ரிஜின்தான்.

“கோபப்படாதீங்க. இங்க வந்துருங்க, நாப்பத்தஞ்சாயிரம் தாரோம். இன்னும் எட்டு எஸ்டேட் ஆர்டர் இருக்கு, உங்களை மாதிரி ஆள் வேணும்.”

பொய் சொல்ல மாட்டேன். அந்தத் தொகை காதில் விழுந்ததும் ‘சரின்னு சொல்லுலே’ என்று அவன் கையைக் கிள்ளினேன். அம்மாவுக்கு அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட். என் முழங்கால் போய்க்கொண்டிருக்கிறது. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“எக்கா, அந்த நாப்பத்தஞ்சு எங்கேருந்து வரும்னு நினைக்க? உன் சாக்குல இருந்துதான்.”

பிறகு போனில், “வேலை வேண்டாம் சார். என் பேரை மட்டும் எடுத்துருங்க,” என்றான்.

“அதெப்படிங்க? உங்க லைசென்ஸ்ல இருக்கிற ஒரே நிபந்தனையே அதுதானே. நாங்க ஒழுங்கா நடக்கிற கம்பெனி. பேரை எடுக்க மாட்டோம்.”

நானே சொல்கிறேன், எடுங்கள் என்று மூன்று கடிதம் எழுதினான். வக்கீலிடம் கேட்டுச் சொல்கிறோம் என்று ஒரு பதில் வந்தது. அவ்வளவுதான்.

அந்தப் பதில் வந்த மறுநாள் சாயந்திரம் கொட்டகைக்கே வந்து, எல்லாரையும் நிறுத்தி, நடந்ததைச் சொன்னான். நான் எழுதியதில் கழிவு இல்லை, அவர்கள் சொருகியது என்றான். பெண்கள் சாக்கோடு நின்று கேட்டார்கள். ராமுத்தாய் மடியிலிருந்து சீட்டுகளை எடுத்து அவன் காலடியில் போட்டாள்.

“பேரு யாருது போட்டுருக்கு? சொல்லு. கம்பெனி பேரா இருக்கு? உன் பேருல்லா இருக்கு?”

அவன் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். ஓசி ரிஜின் என்று சொன்னவர்கள் அன்றிலிருந்து திருட்டு ரிஜின் என்றார்கள். அதற்கு நான் சண்டைக்குப் போகாத வீடில்லை, ஒரு பயனும் இல்லை. அவன் பாறைக்குப் போகிற வழியைக்கூட மாற்றிக்கொண்டான்.

அம்மா யாரோடும் சண்டை போடவில்லை. சீட்டு வாங்கினதும் ஓரமாகப் போய் அடி வரியை மட்டும் நீளமாகக் கிழித்து முந்தானையில் முடிந்துகொள்வாள். மிச்சத்தைத் தகர டப்பாவில் வைப்பாள். நான் பார்த்தேன், என்னவோ செய்கிறாள் என்று விட்டுவிட்டேன். ஆடி மாதம் முடிந்து, அதிகக் கிலோ காசு வாங்கச் சீட்டுகளை ஆபீசில் ஒப்படைக்கிற நாளில்தான் வினை தெரிந்தது.

“கிழிஞ்ச சீட்டு எடுக்க மாட்டோம் அம்மச்சி. அடி வரி இல்லாம செல்லாது,” என்றார் கிளார்க். “எதுக்குக் கிழிச்சீங்க?”

“களவாணிச் சீட்டுல என் வீட்டுக்காரரு பேரு வேண்டாம் சாரே,” என்றாள் அம்மா.

அவர் டப்பாவைத் திருப்பித் தள்ளினார். அந்த மாதம் அம்மாவுக்கு அதிகக் கிலோ காசு ஒரு ரூபாய் இல்லை. அவள் டப்பாவை மூடி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

அடுத்தது என் முறை. நான் ஒரு சீட்டையும் கிழித்திருக்கவில்லை. இருபத்திரண்டு சீட்டிலும் தம்பி பேர், அப்பா பேர். எண்ணிக் கொடுத்தேன், கையெழுத்துப் போட்டுக் காசை வாங்கிக்கொண்டேன். அந்தக் காசில்தான் அவனுக்கு அந்த மாதம் நெட் ரீசார்ஜ் செய்தோம்.