புளி மண்டித் தராசு

ஒரு குழந்தை தேறி வருகிறது என்பதை எதை வைத்துத் தெரிந்துகொள்வது? நானும் படித்தவள்தான், ஆரோக்கியப் புத்தகங்கள் கிடைத்தால் விடாமல் வாசிக்கிறவள்தான். இருந்தும் இன்றுவரை எனக்கு இதற்கு விடை தெரியவில்லை. இந்தக் கேள்வி மனதில் எழும்போதெல்லாம் முதலில் மூக்கில் ஏறுவது பழம்புளியின் வாடை.

தென்காசிக் கடைத்தெருவில் ஒரு புளி மண்டி இருந்தது. அதன் உத்தரத்தில், ஆள் ஏறி உட்காரும்படியான மரத்தட்டுகளோடு பெரிய தராசு ஒன்று தொங்கும். பள்ளிக்கூட உபாத்தியாயரான என் அப்பா, குற்றாலத்தில் சாரல் தொடங்குவதற்கு முன்பும் சாரல் ஓய்ந்த பின்பும் என்னையும் தம்பி சங்கரனையும் அதில் ஏற்றி நிறுத்துப் பார்ப்பார். அருவி எங்கள் உடம்பில் எவ்வளவு சேர்த்திருக்கிறது என்று தெரியவேண்டுமாம்.

மண்டி முதலாளிக்கு இது நல்ல வேடிக்கை. "ஏலே, அந்தச் சிப்பத்தை எறக்கிட்டுத் தட்டைத் தொடைங்கலே, சார்வாள் துலாபாரத்துக்கு வந்திருக்காஹ" என்று ஆட்களுக்குச் சத்தம் கொடுப்பார். "எந்தச் சாமிக்கு சார்வாள்?"

"விஞ்ஞானத்துக்கு அண்ணாச்சி" என்பார் அப்பா, சிரிக்காமல்.

"அந்தச் சாமி புளி எடுத்துக்கிடுமா, இல்ல வெல்லந்தான் வேணுமா?"

அப்பா தபாலில் தருவித்த புத்தகங்களால் எங்கள் வீட்டில் காபி நின்றது, தீட்டிய அரிசி நின்றது, முளைகட்டிய பயறு வந்தது. எல்லாவற்றையும்விடப் பெரியது மெல்லும் சட்டம். சாப்பிட உட்கார்ந்தால் அப்பா சுட்டுவிரலைத் தூக்கிக்கொள்வார். வாயிலிருப்பது கூழாகி, அவர் விரலை இறக்கினால்தான் விழுங்கலாம். சங்கரன் கள்ளன். சோற்றை முன்பே விழுங்கிவிட்டு வெறும் வாயை அசைத்துக்கொண்டிருப்பான். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்து புரையேறும். அடி எனக்குத்தான்.

சட்டங்கள் எல்லாம் அவனுக்காகவே வந்தவை என்று இப்போது தோன்றுகிறது. அவன் "நோஞ்சான்". விலா எலும்பு தெரியும், ஓடினால் இளைக்கும். அந்த வருஷம் சாரலுக்கு முன் நிறுத்தபோது, போன வருஷத்துக் கல்லுக்கே அவன் தட்டு இறங்கவில்லை. சாரல் விழுந்த நாள் தொடங்கி, பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் விடிவதற்குள் வண்டி கட்டிக் குற்றாலத்துக்குப் போனோம். உடம்பெல்லாம் நல்லெண்ணெய் தேய்த்து அருவியின் ஓரத்தில் நிறுத்துவார். சங்கரனுக்கு உதடு நீலம் பாய்ந்துவிடும். "நடுக்கம் நல்லது, உள்சூடு எந்திரிக்குது" என்பார். குளித்து வந்தவர்களெல்லாம் சுடச்சுட வடை தின்றுகொண்டிருக்க, நாங்கள் பச்சைப் பயற்றை மென்றோம்.

ஆவணியில் திரும்ப நிறுத்தபோது சங்கரனின் தட்டு தணிந்தது. எதிர்த்தட்டில் கல் வைத்தார்கள்; மேலும் வைத்தார்கள். அப்பாவின் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. தெருவில் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னார். அவர்களும், "ஆமா, பிள்ளை பூரிச்சிருக்கான்" என்றார்கள். அம்மா கண்ணேறு கழித்தாள். காலில் தண்டை இறுகிப்போனதைக்கூடப் பெருமையாக, "எம் பிள்ளைக்குத் தண்டை பத்தலை" என்று அண்டை வீட்டாரிடம் காட்டினாள். அதைப் பெரிதாக்கித் தரத் தட்டாரை அழைத்தார்கள்.

தட்டார் தண்டையை வெட்டி எடுத்தார். அது இருந்த இடத்தில் பள்ளம் மட்டும் அப்படியே இருந்தது.

அம்மா கட்டைவிரலால் கணுக்காலை அழுத்தினாள். அங்கேயும் குழி. "இங்க பாருங்க, குழி விழுந்து அப்படியே நிக்கி. சதைன்னா நிக்குமா? இது சதையில்லங்க, பிள்ளை ஊதுதான்."

"தராசு பொய் சொல்லுமா?" என்றார் அப்பா. ஆனால் அந்தக் குரல் அவருடையதாகவே இல்லை.

தராசு பொய் சொல்லவில்லை. கூடிய எடை முழுவதும் நீர் என்றார் வந்து பார்த்த டாக்டர். அருவியின் குளிரால் வந்ததா, முந்திய மாதம் அவனுக்கு இருந்த சிரங்கு உள்ளே இறங்கியதா, பயற்றால் வந்ததா என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். டாக்டர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. உப்பில்லாத கஞ்சி கொடுக்கச் சொன்னார்.

ஒருநாள் அப்பா அவனை மடியில் சாய்த்துக்கொண்டு கஞ்சி புகட்டினார். வாங்கிய கஞ்சியை அவன் விழுங்கவில்லை. வாயிலேயே வைத்துக்கொண்டு அப்பாவின் கையைப் பார்த்தான்.

"முழுங்குலே ராசா. ஏன் வச்சுக்கிட்டிருக்க?"

அவன் கஞ்சி ஒழுக ஒழுகச் சொன்னான்: "நீங்க வெரல எறக்கலையே."

அப்பா கிண்ணத்தைக் கீழே வைத்தார். விரலை உயர்த்தி, மெதுவாக இறக்கினார். அவன் விழுங்கினான். அந்தத் தீபாவளிக்கு அவன் இல்லை.

இப்போது மண்டி இருந்த இடத்தில் ரேஷன் அரிசி அளக்கிறார்கள். தராசு தொங்கிய கொக்கி மட்டும் உத்தரத்தில் இருக்கிறது. அப்பா புத்தகங்களை என்ன செய்தார் என்று நாங்கள் கேட்கவில்லை. சோற்றை மெல்லாமலே விழுங்கிவிட்டு எழுந்துவிடுகிறார்.

எனக்கு ஒரு பெண் குழந்தை. சில மாதங்களாக நன்றாகச் சாப்பிடுகிறாள். ரயிலடியில் இருக்கும் எடை இயந்திரத்தில் நிறுத்துப் பார்த்து என் வீட்டுக்காரர் சந்தோஷப்படுகிறார். "கன்னம் வச்சிருக்கா" என்கிறார்கள் எல்லோரும். நானோ தினமும் காலையில் அவள் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறேன். குழி விழவில்லை. சரியாக அழுத்தினேனோ இல்லையோ என்று மறுபடி அழுத்துகிறேன். டாக்டர் குழந்தை நன்றாக இருக்கிறாள் என்றுதான் சொல்கிறார். ஆனால், நான் பார்ப்பதை நிறுத்திய அன்று வந்துவிட்டால்?

இப்போதெல்லாம் அவள் கண் விழித்ததும் தானாகவே காலை நீட்டுகிறாள். விளையாட்டு என்று நினைத்திருக்கிறாள். நான் அழுத்திவிட்டு "சரி" என்று சொன்னால்தான் படுக்கையை விட்டு எழுகிறாள்.

இதைப் படிக்கும் தாய்மார்களைக் கேட்டுக்கொள்கிறேன்: பிள்ளை பூரித்திருக்கிறது என்று யாராவது சொன்னால், அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க உங்களால் எப்படி முடிகிறது? நாளைக் காலையில் அவள் காலை நீட்டும்போது நான் என்ன செய்ய வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.