காகிதம் உள்ள தறி

செவிலிமேட்டுக்குப் போகிற வழியில், ஏரிக்கரைக்குக் கீழே இருந்தது எங்கள் வீடு. ஐப்பசி பிறப்பதற்கு முன்பே மழைக்கு வேண்டிய வேலைகள் தொடங்கிவிடும். அப்பா உடைந்த ஓடுகளை மாற்றுவார். அம்மா விறகையும் புளியையும் பரணில் ஏற்றுவாள். வாசற்படிக்குக் குறுக்கே களிமண் அணை போடுவது சித்தப்பாவின் பொறுப்பு. மண் மிதிப்பது என் வேலை. அந்த ஒரு வாரம் பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்பதால் எனக்குப் புயல்மீது நல்ல அபிப்பிராயம் இருந்தது.

கூடத்தில் அப்பாவின் தறியும் சித்தப்பாவின் தறியும் அருகருகே இருந்தன. இரண்டும் குழித்தறி. தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்ய வேண்டும். வாசலில் எத்தனை அணை போட்டாலும், தண்ணீர் முதலில் ஊறுவது அந்தக் குழியில்தான்.

அந்த வருடம் இன்சூரன்ஸ்காரர் ஒருவர் சைக்கிளில் வந்தார். அவர் பக்கத்து ஊர் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மழைக்குப் பயப்படுகிறவர்களின் மனம் அவருக்குத் தெரிந்திருந்தது. தீயிலோ புயலிலோ வெள்ளத்திலோ தறி போனால் கம்பெனி ஈடு கொடுக்கும் என்றார்.

“நம்ம தறி நாசமாப் போவும்னு நாமளே எழுதிக் குடுக்கணுமா? நல்லா இருக்குதுபா உன் யாவாரம்” என்று சித்தப்பா எழுந்து போய்விட்டார். அப்பா கையெழுத்துப் போட்டார். காகிதம் வந்ததும் அதன் நான்கு மூலையிலும் குங்குமம் வைத்து, சாமி படத்துக்குப் பின்னால் செருகினார். அதற்குப் பிறகு தினமும் காலையில் தறியில் உட்காரும்போது சித்தப்பா கேட்பார்: “இன்னா அண்ணா, காயிதத்துக்குக் கற்பூரம் காட்டிட்டியா?”

கார்த்திகையில் புயல் வந்தது. மூன்றாம் நாள் மதியம் ஏரி வழிகிறது என்று தெருவில் கூச்சல் கேட்டது. அதற்குள் இரண்டு குழியும் நிரம்பியிருந்தன. தெருக்கோடிப் பிள்ளையார் கோயில் மண்டபம் மேடு. தறியைப் பிரித்து அங்கே கொண்டுபோய்விட்டால் பயமில்லை. ஆனால் தறியைப் பிரிப்பது கட்டிலைப் பிரிப்பது போலல்ல. நெடுக்கே ஓடுகிற பட்டுப் பாவு நூலை இழை சிக்காமல், ஈரம் படாமல் சுருட்ட வேண்டும். மேலே இருக்கிற, பூவேலைக்கு இழை தூக்கும் ஜக்கார்டு பெட்டியை இறக்க வேண்டும். நான்கு பேர் சேர்ந்தாலும் இரண்டு மணி நேரமாவது ஆகும். இருந்ததே அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி நான்கு பேர்தான். ஒரு தறிக்குத்தான் நேரமிருந்தது.

அம்மா எங்கள் தறியின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

“அத வுடு” என்றார் அப்பா. “என்னுதுக்குக் காயிதம் இருக்குது. அவனுக்கு இன்னா இருக்குது? மொதல்ல அவன் தறியப் புடி.”

“காயிதத்துலயா பொடவை நெய்யப் போறீங்க?” என்றாள் அம்மா.

“போனா அவங்க குடுக்கறாங்க. அதுக்குத்தானே எழுதிக் குடுத்துது?”

“வேணாம் அண்ணா” என்றார் சித்தப்பா. அதைச் சொல்லும்போதே அவர் கை தன் தறியின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தது.

அவர் தறி மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் இடுப்பளவு தண்ணீர். மறுநாள் காலை கூடத்து மண்சுவர் ஊறிச் சரிந்து எங்கள் தறிமேல் விழுந்தது. முக்கால்வாசி நெய்த புடவை அதில் இருந்தது. அம்மா மண்ணைக் கையால் தள்ளி, வெளியே தெரிந்த ஜரிகையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அது வரவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு மெட்ராஸிலிருந்து கம்பெனி அதிகாரி வந்தார். கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு, இடிந்த சுவரைச் சுற்றிப் பார்த்தார். பிறகு நாங்கள் போட்ட பலகையில் உட்கார்ந்து, காகிதங்களை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவிடம் கேட்டார்.

“தண்ணி திடீர்னு வந்துடுச்சு. உங்க தறிய எடுக்க நேரமில்ல. அப்படித்தானே?”

“இல்லைங்க. எடுத்திருக்கலாம். தம்பி தறிய எடுத்தோம்.”

அதிகாரி அம்மாவிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். செம்பைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் அதையே கேட்டார்.

“எடுக்க நேரமில்லாம போச்சு. அப்படித்தானே பெரியவரே?”

“நேரம் இருந்துதுங்க. அவனுக்குக் காயிதம் இல்ல. எனக்கு இருக்குது. அதான் என்னுத வுட்டோம்.” அப்பா இந்தமுறை கொஞ்சம் உரக்கச் சொன்னார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதிகாரி தெருவைப் பார்த்தார். பிறகு மூன்றாம் முறையாக, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, அதே கேள்வியைக் கேட்டார்.

பாவம், இவருக்குக் காது மந்தம் என்று நான் நினைத்தேன். தெருவில் காது கேட்காத மாவு மெஷின்காரர் ஒருவர் இருந்தார். அவரிடம் பேசி எனக்குப் பழக்கம். அதிகாரியின் காதருகே போய், இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினேன்: “சார், எங்க தறிய வேணும்னேதான் வுட்டாங்க. சித்தப்பா தறியத்தான் தூக்கினாங்க.”

“கேட்டுதும்மா” என்றார் அவர்.

அம்மா உள்ளே போய்விட்டாள். அப்பா என் தலையைத் தடவிக்கொடுத்தார். நான் நல்ல காரியம் செய்துவிட்டதாக அவரும் நினைத்திருக்க வேண்டும்.

தை மாதம் கடிதம் வந்தது. காப்பாற்றக்கூடிய பொருளைத் தெரிந்தே விட்டுவிட்டால் ஈடு கிடையாது என்று அந்தக் காகிதத்தில் ஒரு வரி இருந்ததாம். அப்பாவும் சித்தப்பாவும் ஒரே தறியில் முறைவைத்து நெய்தார்கள். என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது.

அதன் பிறகு சமையல் வேலை, கட்டட வேலை என்று எத்தனையோ ஊர் போய்விட்டேன். எத்தனையோ மேஜைகளுக்கு முன்னால் நின்று பதில் சொல்லியிருக்கிறேன். ஒரு கேள்வியை எனக்காக இரண்டாம் முறை கேட்டவர்கள் மிகவும் குறைவு. அந்த அதிகாரி மூன்று முறை கேட்டார். அதுவரை அவர் பேனா மூடி கழற்றாமலே கையில் இருந்தது. நான் கத்திய பிறகுதான் அதைத் திறந்தார்.