சாட்சிக்காரர் வீட்டுப் பிரசவம்

சுதேசிப் பேச்சுக்காரர்களை வெள்ளைக்காரச் சர்க்கார் பிடித்து அடைத்த வருஷம் என் மூத்தவன் பிறந்தான். ஊரில் கடைகளைச் சாத்தினார்கள், சர்க்கார் கச்சேரிக் கட்டிடத்தின் மேல் கல் விழுந்தது, போலீஸ்காரன் சுட்டான். அதன்பிறகு, சர்க்கார் பக்கம் நிற்பவனுக்குச் சிரைப்பதில்லை என்று நாவிதர்கள் சத்தியம் செய்துகொண்டார்கள்.

என் வீட்டுக்காரர் பாளையங்கோட்டையில் சர்க்கார் குமாஸ்தா. கல் எறிந்தவன் என்று எங்கள் நாவிதரின் மைத்துனனைப் பிடித்து வைத்திருந்தார்கள். அவன் எறிந்ததைப் பார்த்ததாக இவர் சாட்சி சொல்ல வேண்டும், மேலதிகாரி உத்தரவு. இவர் அவனைப் பார்க்கவே இல்லை. அதை என்னிடம் சொன்னவர் அதிகாரியிடம் சொல்லவில்லை.

எங்கள் வீட்டுக்குக் கத்தி வருவது நின்றது. வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் ஆண்கள் முகம் மழிப்பதில்லை. அந்த வழக்கம் கைகொடுத்தது. யார் கேட்டாலும், “வீட்ல மாசமா இருக்கா” என்று தாடியைத் தடவிக்கொள்வார். அவர் மானம் என் வயிற்றுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.

சாட்சிக்கு முந்தின நாள் காலையில் வலி கண்டது. உச்சி வெயில் ஏறியும் பிள்ளை இறங்கவில்லை. நாவிதர் பெண்சாதிதான் எங்கள் தெருவுக்கு மருத்துவச்சி. பிடிபட்டவன் அவள் கூடப்பிறந்த தம்பி. தெருவில் இறங்கிப் பழகாத என் மாமியார் வெயிலில் ஓடிப்போய் அவளைக் கூட்டி வந்தார்.

வந்தவள் புறவாசல் படியிலேயே நின்றுவிட்டாள்.

“ஏளா, உள்ள வா. புள்ள துடிக்கா” என்றார் மாமியார்.

“வாறேன். ஐயா நாளைக்கு என்ன சொல்லப் போறாவன்னு ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்.”

முன்கட்டில் இவர் இருமினார். அந்த இருமல்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

“அவளைப் போகச் சொல்லுங்க அத்தை. பேரம் பேசி எனக்குப் புள்ள வேண்டாம்.”

மருத்துவச்சி எட்டிப் பார்த்தாள். “பேரமா பேசுனேன்? கேட்டேன், பதில் வரலை. நவுந்து படு தாயி.” சேலையை வரிந்து கட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். “கொடி அறுக்க எங்க வீட்டுக்காரரு கத்தியத் தரமாட்டேன்னுட்டாரு. உங்க கருக்கறுவாள வென்னியில போடுங்க.”

பிள்ளைக்குக் கால்தான் முதலில் வந்தது. அவள் நெற்றி வியர்வை என்மேல் சொட்டியது. வெயில் சாய்கையில் மகன் அழுதான்.

கை கழுவிவிட்டு முன்கட்டுப் பக்கம் பார்த்துச் சொன்னாள்: “ஆம்பளப் புள்ள, ஐயா. இனி தாடிக்கு வேற காரணந்தான் தேடணும்.”

மறுநாள் சாயங்காலம் அறைவாசலில் வந்து நின்றார் என் வீட்டுக்காரர்.

“பாக்கலைன்னு சொல்லிட்டேன். அம்பாசமுத்திரத்துக்கு மாத்தப் போறாவளாம்.”

“அங்கனயும் ஆறு ஓடுதுல்லா” என்றேன்.

வேறொருவன் சாட்சி சொல்லி மருத்துவச்சியின் தம்பியை உள்ளே போட்டுவிட்டார்கள். அதற்கு அடுத்த நாள் விடியலில், யாரும் கூப்பிடாமல் நாவிதர் புறவாசலில் உட்கார்ந்து கத்தி தீட்டினார். இவர் முகத்தை நீட்டிக்கொண்டு எதிரே அமர்ந்தார். படுத்தபடியே சன்னல் வழியாகப் பார்த்தேன். கத்தி கழுத்துக்கு வந்தபோது பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பைய மழித்துவிட்டுப் போனார்.