இடது கைக்கு ஒரு மிஷின்

கேரள எல்லையோரம் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டை ஒட்டியே மரப் பட்டறை இருக்கிறது. தகரக் கூரை, நடுவில் வெளிச்சத்துக்காக ஒரு கண்ணாடித் தகடு. என் வீட்டுக்காரரும் நானும் மட்டும்தான் வேலை செய்தோம். பூஜை அலமாரி, தொட்டில், நகைப்பெட்டி என்று சின்னச் சாமான்கள்தான் எல்லாம். அவர் அறுப்பார், இழைப்பார், பலகை பொருந்துவதற்குப் பள்ளம் எடுப்பார். உப்புத்தாள் தேய்ப்பதும் பாலீஷ் அடிப்பதும் என் வேலை. கல்யாணமான புதிதில் வேடிக்கை பார்க்க வந்து உட்கார்ந்தவள்தான், பிறகு எழுந்து போகவேயில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பேச்சு, சாப்பாடு, சண்டை எல்லாம் அந்தப் பட்டறைக்குள்தான்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. அறுக்கும்போது பென்சில் கோட்டின் மேல் தூள் விழுந்தால் குனிந்து வாயால் ஒரே ஊது ஊதுவார். தூள் பறந்து கோடு பளிச்சென்று தெரியும். துணி எடுக்க மாட்டார், பிரஷ் தேட மாட்டார். நாள் முழுக்க அந்த 'ஃபூ' சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு நாள் தேக்குப் பலகை ஒன்றின் மேல் குனிந்து ஊதினார். தூள் நகரவில்லை. மறுபடியும் ஊதினார். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"ஏனுங்க, என்னாச்சு?" என்றேன்.

"ஒண்ணுமில்ல புள்ள. காத்து பத்தல" என்றார். பட்டறைக்குள் காற்று இல்லை என்று சொல்கிறார் என நினைத்து நான் போய் ஜன்னலைத் திறந்தேன்.

பாலக்காட்டில் டாக்டரிடம் காட்டினோம். நெஞ்சுப் படங்களைப் பார்த்துவிட்டு அவர் மலையாளத்தில், "இனி பொடி ஒட்டும் பாடில்லா" என்றார். இவர் உடனே, "எனக்கு மூக்குப்பொடிப் பழக்கமே கெடையாதுங்க டாக்டர்" என்றார். டாக்டர் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, இவருடைய காதுக்குப் பின்னால் முடியில் ஒட்டியிருந்த மரத்தூளை விரலால் தொட்டு, இந்தப் பொடிதான் துளிகூட ஆகாது என்று காட்டினார். எனக்குத்தான் ஒரு நொடி சிரிப்பு வந்தது. அடுத்து அவர் சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. நுரையீரல் இறுகிக்கொண்டு வருகிறது, இறுகினது திரும்ப இளகாது, மருந்து கொஞ்சம் தள்ளிப்போடும். மரத்தூள் மட்டுமே காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

அதற்குப் பிறகு அவரைப் பட்டறைக்குள் விடக்கூடாது என்று நினைத்தேன். அவருக்கு வீட்டுக்குள் இருப்புக் கொள்ளவில்லை. டிவி முன்னால் உட்காருவார், எழுந்து பட்டறை வாசலுக்கு வருவார், நான் முறைப்பேன், திரும்பிப் போவார். "ஊட்டுக்குள்ள உக்காந்திருந்தாத்தான் எனக்கு மூச்சு முட்டுது" என்று ஒரு நாள் சொல்லிவிட்டார். சரி, தூள் பறக்காமல் வேலை செய்வோம், கொஞ்சம் தேறும்வரை அவர் வாசலோரம் நாற்காலி போட்டு உட்காரட்டும் என்று முடிவு செய்தேன். துடைப்பத்தை எடுத்து வெளியே போட்டேன். காற்றடித்துத் தூள் விரட்டும் ப்ளோயரையும் மூட்டை கட்டிவிட்டேன். ஈரத்துணியால் மேசையைத் துடைத்தால் பலகையில் தண்ணீர்க் கறை பிடிக்கிறது. அதனால் கைக்கு அடக்கமாக ஒரு வேக்குவம் வாங்கலாம் என்று பேச்சு வந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் தன் காரைச் சுத்தம் செய்ய வைத்திருந்த ஒன்றைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். மேசை நொடியில் சுத்தமாகிவிட்டது. எனக்குச் சந்தோஷம். ஆனால் வாசலில் உட்கார்ந்திருந்தவர், "நிறுத்து, நிறுத்து" என்று கையை ஆட்டினார். கண்ணாடித் தகடு வழியாக விழுந்த வெயிலைக் காட்டினார். மிஷினின் பின்பக்கத்திலிருந்து புகை மாதிரி மெல்லிய தூள் கிளம்பி என் முகத்துக்கு நேராக வந்துகொண்டிருந்தது.

"முன்னால திங்குது, பின்னால துப்புது. கண்ணுக்குத் தெரியறதத்தான் எடுத்திருக்குது. தெரியாததெல்லாம் உன்ற மூக்குக்குள்ள போகுது" என்றார்.

இரண்டொரு நாள் கழித்து, நல்ல மிஷின் வாங்கப் பொள்ளாச்சிக் கடைக்குக் கிளம்பினோம். போனில் பார்த்து வரவழைத்துவிடலாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. பஸ்ஸில் ஏறும்போதே மூச்சு வாங்கியது. ஜன்னலோரம் உட்கார வைத்தேன். சட்டைப் பையில் எதையோ திணித்து வைத்திருந்தார். மாத்திரை என்று நினைத்தேன்.

கடைக்காரர் முதலில் சக்கரம் வைத்த பெரிய டிரம் மிஷினைக் காட்டினார். இழுக்கிற சக்தி இதற்குத்தான் அதிகம் என்றார். "ஒரு கோட்டத் தொடைக்கிறதுக்கு ஆரு இத இழுத்துட்டு வருவாங்க? பத்தடி தள்ளி இருந்தா அப்புறம் பாத்துக்கலாம்னு உட்டுருவோமுங்க. எட்டற தூரத்துல மேசை மேலயே இருக்கோணும்" என்றார் இவர். ஒயர் உள்ள சின்ன மிஷின் ஒன்று வந்தது. ஒயர் மேசையில் கிடந்தால் ரம்பத்தில் மாட்டும் என்று அதையும் ஒதுக்கினார். பேட்டரியில் ஓடும் இரண்டு மிஷின்கள் மிச்சம் இருந்தன.

அப்போதுதான் சட்டைப் பையில் இருந்ததை வெளியே எடுத்தார். பிளாஸ்டிக் கவரில் எங்கள் பட்டறைத் தூள். அதைக் கவுண்டர் கண்ணாடி மேல் கொட்டினார். கடைக்காரர் பதறி, "அய்யா, என்னுங்க பண்றீங்க?" என்றார். "இதுக்குத்தான வாங்கறோம். இதத் திங்குதான்னு பாக்க வேண்டாமுங்களா?" என்றார். என் பையிலிருந்து பழைய கறுப்புக் குடைத்துணி ஒன்றையும் எடுக்கச் சொன்னார். அதை எப்போது என் பைக்குள் வைத்தாரென்றே எனக்குத் தெரியாது. மிஷின் பின்னால் காற்று வெளியே வரும் இடத்தில் துணியைப் பிடித்துக்கொண்டு ஓட்டச் சொன்னார். முதல் மிஷினுக்குத் துணியில் வெளுத்த வட்டம் விழுந்தது. இரண்டாவதில் உள்ளே மடிப்பு மடிப்பாக ஒரு வடிகட்டி இருந்தது. துணி கறுப்பாகவே இருந்தது. கடைக்காரருக்கே ஆர்வம் வந்துவிட்டது. இன்னொரு முறை கொட்டிப் பார்க்கச் சொன்னார்.

மூலைக்குள் நுழைகிற மெல்லிய மூக்கு இருக்கிறதா, சேர்ந்த தூளைக் கொட்டும்போது பறக்குமா, பேட்டரி போனால் இங்கேயே மாற்றித் தருவார்களா என்றெல்லாம் இவர் விசாரித்தார். ஒவ்வொரு கேள்விக்கும் நடுவில் நின்று மூச்சு எடுத்தார். கடைசியில் மிஷினை என்னிடம் நீட்டினார்.

"இடது கையில புடி."

"எனக்கெதுக்குங்க? நீங்க புடிச்சுப் பாருங்கோ."

"ரம்பம் உன்ற வலது கையில இருக்கும். இது இடது கைக்குத்தான் வரோணும். மணிக்கட்டு வலிக்குதான்னு பாரு."

"நீங்கதான அறுக்கற ஆளு. உங்க கைக்குத்தான் பாக்கோணும்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "நானா புடிக்கப் போறேன்?" என்றார். கோபமோ வருத்தமோ இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்.

அவர் வாசலில் உட்காருவதற்காக இதை வாங்குகிறோம் என்று அந்த நிமிஷம் வரை நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பார்த்தது வேறு. அவர் இல்லாத பட்டறையில் நான் தனியாக நின்று வேலை செய்வதை அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டார். என் மூச்சுக்குத்தான் இத்தனை சோதனையும். கையில் மிஷினைப் பிடித்துக்கொண்டு, கனமாக இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

திரும்பும்போது பஸ்ஸில் மிஷின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். செக்போஸ்ட் தாண்டியதும், "அழுகாத புள்ள, பக்கத்து சீட்ல பாக்கறாங்கொ" என்றார். பிறகு என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

அந்தக் கோடை முழுக்க வாசலோரம் உட்கார்ந்திருந்தார். அறுப்பதும் என் வேலையாகிவிட்டது. நான் மிஷினை எடுக்க மறந்து கையால் தட்டினால் மட்டும் குரல் வரும். மற்ற நேரம் வண்டி போவதைப் பார்த்துக்கொண்டு, ரேடியோ கேட்டுக்கொண்டு இருந்தார். மழை தொடங்கியபோது, ஒரு தொட்டில் வேலை பாதியில் இருக்க, அவருக்குக் காய்ச்சல் வந்தது. ஆசுபத்திரியில் சேர்த்தோம். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் இருந்ததால் அவர் பேசியது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. குனிந்து குனிந்து கேட்டேன். "தொட்டில குடுத்துட்டயா?" என்பதுதான் எனக்குப் புரிந்த கடைசிப் பேச்சு. கொடுத்துவிட்டேன் என்று பொய் சொன்னேன். மறுநாள் காலையில், நான் முகம் கழுவப் போன நேரத்தில், போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்ததும் எல்லாரும் பட்டறையை வாடகைக்கு விடச் சொன்னார்கள். எனக்கு வேறு எங்கே போவதென்று தெரியவில்லை. பாதியில் நின்ற தொட்டிலை முடித்தேன். வாங்க வந்தவர்களுக்குக் குழந்தை பிறந்து தவழவே ஆரம்பித்திருந்தது. ஒரு குறையும் சொல்லாமல் எடுத்துப் போனார்கள். அடுத்த வேலை வந்தது, அதற்கடுத்தும் வந்தது. மிஷின் சத்தம் நின்றதும் பட்டறை ஒரேயடியாக அமைதியாகும். அந்த அமைதி இன்னும் எனக்குப் பழகவில்லை.

போன மாதம் எனக்குச் சளி பிடித்துக் கொஞ்சம் இருமினேன். அவருடைய தங்கை பயந்துபோய் வந்து நின்றாள். என்னை நங்கை என்றுதான் கூப்பிடுவாள், அண்ணி என்பதற்கு எங்கள் பக்கத்துப் பேச்சு. "நங்கை, மொதல்ல படம் எடுத்துப் பாருங்க. அண்ணனுக்கும் இப்படித்தான்" என்று பக்கத்தில் இருக்கும் சித்தூருக்கு இழுத்துப் போனாள். டாக்டரம்மா படத்தை விளக்கின் முன் பிடித்துப் பார்த்தார். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, வெறும் சளிதான் என்றார். இவ்வளவு காலம் மர வேலையா என்று கேட்டு ஆச்சரியப்பட்டார்.

வெளியே வந்து வராந்தாவில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். அழுகை பொங்கி வந்தது, அடக்க முடியவில்லை. மாத்திரை வாங்கப் போன அவருடைய தங்கை என்னைப் பார்த்து ஓடி வந்தாள்.

"நங்கை, என்ன சொன்னாங்க? பெருசா ஏதாச்சுங்களா?"

"ஒண்ணுமில்லையாமா. நல்லா இருக்குதாமா."

"அப்புறம் எதுக்கு அழுகறீங்க?"

"உன்ற அண்ணன் இல்லாம இத ஆருகிட்டப் போய்ச் சொல்லுவேன்?" என்றேன்.

அவளுக்குப் புரிந்தது. மாத்திரைக் கவரை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்த பஸ் வரும்வரை இருவரும் அங்கேயே இருந்தோம்.