கண்ணாடிப் பெட்டிக்குப் போன சவரக்கத்தி

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பையன் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். தாடி வைத்திருக்கிறான், ஆனால் பழைய சவரக்கத்திகள் சேர்க்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு துணிச்சுருளைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தான். உள்ளே ஆறு மடக்குக்கத்திகள், தேங்காய் எண்ணெய் வாசனையோடு. இந்த மாதிரிக் கத்திக்கு அதிக விலை கொடுப்பது யார், தன்னைப்போல் சேர்த்து வைக்கிறவர்களா, தினமும் சவரம் செய்கிறவர்களா என்று கேட்டான். எனக்கு வேலை இருக்கிறது, போய் வா என்று சொல்லிவிட்டேன். அவன் முகம் சுருங்கிப்போனது. அவன்மேல் தப்பில்லை. உங்களிடம் காரணத்தைச் சொல்லிவிடலாம்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் கொடைக்கானலில் ஒரு பழைய சாமான் கடையில் இருந்தேன். சொந்த ஊர் பூம்பாறை. பூண்டுக் காட்டில் குனிந்தால் இடுப்பு வலிக்கிறது என்று சாக்குச் சொல்லி, பஸ் ஏறிக் கொடைக்கானலுக்கு வந்தவன். எத்தனை முறை சோப்புப் போட்டாலும் விரலிடுக்கில் பூண்டு வாசம் இருக்கும். அதனாலேயே துரைமார் வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். மரியாதை என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

ஊரைக் காலிசெய்துகொண்டு சீமைக்குப் போகிற வெள்ளைக்காரர்கள் விட்டுச்செல்லும் சாமான்தான் எங்கள் சரக்கு. அப்படி வந்த ஒரு தோல்பெட்டிக்குள் அந்த ஜெர்மன் கத்தி இருந்தது. வெள்ளை எலும்புப் பிடி, கூழாங்கல் மாதிரி வழவழப்பு.

அதைத் தேடி வந்தவர் முத்துச்சாமி. பழனியில் சரவணப் பொய்கைப் பக்கம் பக்தர்களுக்கு முடி இறக்குகிறவர். வத்தலக்குண்டு சுற்றிப் பஸ் மாறி வந்திருந்தார். கடைவாசலிலேயே நின்றார். உள்ளே வரச்சொல்ல எனக்குத் தோன்றவில்லை. கத்தியை வாங்கி விரித்து, முன்கையில் ஒரு முடிமேல் மெதுவாக வைத்துப் பார்த்தார். புதுக்கத்திகள் பத்துத் தலைக்குள் மழுங்கிவிடுகின்றன, தைப்பூசக் கூட்டத்தில் தீட்டிக்கொண்டிருக்க நேரமில்லை என்றார். பிறகு, "பெரியவங்க தலைக்கு எதுவும் போதுங்க. பச்சப்புள்ளத் தலைதான். கத்தி இழுத்துச்சுன்னா ரத்தம் வந்துரும்" என்றார்.

விலை முப்பது ரூபாய். பத்து ரூபாயை முன்பணமாகக் கொடுத்து, கார்த்திகை கழித்து மீதியோடு வருவதாகச் சொன்னார். முதலாளி மதுரைக்குப் போயிருந்தார். நானே பணத்தை வாங்கிக் கத்தியை மேசை இழுப்பறைக்குள் எடுத்துவைத்தேன். வேறு யாருக்கும் தரமாட்டேன் என்றும் சொன்னேன். அவர் கேட்கக்கூட இல்லை, நானாகவேதான் சொன்னேன்.

நாலைந்து நாளில் ஏரிக்கரை பங்களாக்காரர் வந்தார். எஸ்டேட் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர், வெள்ளைக்காரர் இல்லை, நம்ம ஆள்தான், வெயிலிலும் கழுத்தில் பட்டுத் துண்டு. கத்தி, சுருட்டுப் பைப், மீசைச் சீப்பு என்று எல்லாவற்றையும் வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார். தன்னை 'கலெக்டர்' என்று சொல்லிக்கொள்வார். அதை நம்பி நான் முதல் தடவை எழுந்து சல்யூட் அடித்திருக்கிறேன். மேசை இழுப்பறை திறந்திருந்தது, கத்தியைப் பார்த்துவிட்டார். பேசி முடித்தாயிற்று, பழனியில் முடி இறக்குகிறவருக்கு என்றேன்.

"அந்த ஆள் யூஸ் பண்ணியே தேய்ச்சுருவான், தம்பி. என்கிட்ட இருந்தா சேஃபா இருக்கும்" என்றார். நூறு ரூபாயை மேசைமேல் வைத்தார்.

நான் கொடுத்துவிட்டேன். அவர் மிரட்டவில்லை, கெஞ்சவில்லை, நூறு ரூபாயைப் பார்த்தேன், கொடுத்தேன். முதலாளி திரும்பிவந்து, பிழைக்கத் தெரிந்தவன் என்று முதுகில் தட்டி, கடை வாசலில் வெகுநாளாக விலைபோகாமல் தொங்கிய ஒரு துரையின் கம்பளிக் கோட்டை இனாமாகக் கொடுத்தார். பச்சைக் கட்டம் போட்ட கோட்டு. தோள் எனக்கு ரெண்டு சாண் அதிகம். அதைப் போட்டுக்கொண்டு நான் நடந்த நடையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

முத்துச்சாமி சொன்னபடி வந்தார். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டே முன்பணத்தைத் திருப்பி நீட்டினேன். வாங்கினவர் சவரம் செய்வாரா என்று மட்டும் கேட்டார். இல்லை, கண்ணாடிப் பெட்டியில் வைப்பார் என்றேன்.

"அப்ப எதுக்கு?"

அவர் ரூபாயை மடித்து வேட்டி முடிச்சில் செருகிக்கொண்டு, மழையில் பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்தார்.

மாசியில் அம்மா, எனக்குக் காய்ச்சல் வந்தபோது வேண்டிக்கொண்ட மொட்டைக்காகப் பழனிக்கு இழுத்துப்போனாள். அந்த வெக்கையிலும் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். பொய்கைக் கரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களில் யார் முன்னால் உட்காருகிறோம் என்று பார்க்காமலே, கோட்டைக் கழற்றி மடியில் வைத்துத் தலையைக் குனிந்தேன். தண்ணீர் தெளித்துத் தேய்த்தார். உச்சியிலிருந்து வலது காதுவரை கத்தி இறங்கியது. இழுத்து இழுத்து இறங்கியது, கண்ணில் நீர் வந்தது. திடீரென்று கை நின்றுவிட்டது.

நிமிர்ந்தேன். முத்துச்சாமி என் மடியிலிருந்த கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தியைத் துடைத்து மடக்கினார்.

"கோவத்தோட கத்தியப் புடிக்கக்கூடாதுங்க. அந்தப் பக்கம் போயி உக்காருங்க."

பாதித் தலையோடு நான் எழுந்து நின்றேன். சுற்றியிருந்த கூட்டம் பார்த்தது. ஒரு குழந்தை என்னைக் காட்டிச் சிரித்தது. அம்மா என் கையைப் பிடித்து, "ஏலே, அந்தாளுக்கு நீ என்ன செஞ்ச?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அடுத்தவர் மீதிப் பாதியை வழித்துவிட்டார்.

சில வருஷம் கழித்துப் பங்களாக்காரர் இறந்துபோனார். அவர் சாமான் எல்லாம் எங்கள் கடைக்கே வந்து சேர்ந்தது. பெட்டியைத் திறந்து கத்தியை விரித்தேன். பாதிதான் விரிந்தது. கொடைக்கானல் பனிமஞ்சு கண்ணாடிக்குள்ளும் புகும். எண்ணெய் போட்டுத் துடைக்க ஆளில்லாமல் துரு முனையைத் தின்றிருந்தது. ஒரு நாள்கூட ஒரு தலைமேலும் படாமல் கெட்டுப்போன கத்தி. அன்றைக்கு அந்தச் செத்த மனிதர்மேல் எனக்கு வந்த வெறுப்பு இன்னும் ஆறவில்லை. என்மேல் வந்ததைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

கடை இருந்த இடத்தில் இப்போது சாக்லேட் விற்கிறார்கள். பங்களா ஹோட்டலாகிவிட்டது. பழனியில் பிளேடைப் பாதியாக உடைத்துக் கத்தியில் செருகி வழிக்கிறார்கள், ஒரு தலைக்கு ஒன்று, அப்புறம் எறிந்துவிடுகிறார்கள். முத்துச்சாமியைத் தேடி எழுபது வயதில் ஒருமுறை போனேன். அவர் போய்ப் பல வருஷமாகிவிட்டது என்றார்கள். அவர் இருந்தவரை, என்மேல் கோபப்பட நியாயமுள்ள ஒருத்தர் அந்தக் கரையில் உட்கார்ந்திருந்தார். இப்போது அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது.